செத்தவனுக்கும் டோக்கன்தான்

பேய்க்கதை எதைக் கையில் எடுத்தாலும் எனக்கு முதலில் எழும் சந்தேகம், செத்தவர் பெயரை யார், எந்தப் பதிவேட்டில் ஏற்றினார்கள் என்பதுதான். தொழில் அப்படி. தென் மாவட்டத்து நகராட்சி ஒன்றில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் கவுன்டர் கண்ணாடியைத் தள்ளினால், தாத்தா செத்துப் பல வருஷம் கழித்துப் பட்டா மாற்றுவதற்காகச் சான்றிதழ் கேட்டு வரும் பேரன்கள் நிற்பார்கள். 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி 21 நாளைக்குள் பதிந்தால் காசு கிடையாது. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஒரு வருஷம் தாண்டினால் மேலே இருந்து ஆர்டர் வாங்கி வரவேண்டும். "செத்தது உண்மைதானேம்மா, அதுக்கு எதுக்கு ஆர்டர்?" என்று கேட்காத ஆளே இல்லை. எனக்கும் பதில் தெரியாது. படிவம் 2-ஐ எடுத்து நீட்டுவேன்.

சமீப வருஷங்களில் வந்த மாயக் கதைகள், வருங்காலக் கதைகள், கிராபிக் நாவல்கள் சிலவற்றை எங்கள் வாசிப்பு வட்டத்தில் வரிசையாகப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் வேர் உள்ள எழுத்தாளர்கள் மேலுலகம், சாபம், மாயக் கதவு எல்லாவற்றையும் ஆபீஸுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். டிராகன் கிடையாது, மந்திரக்கோல் கிடையாது. வரிசை இருக்கிறது, பாரம் இருக்கிறது, "நாளைக்கு வாங்க" இருக்கிறது. இதை யார் சரியாகச் செய்திருக்கிறார்கள், யார் வெறும் ஜோக்கோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று பிரித்துப் பார்க்க நான் தகுதியான ஆள்தான்.

வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம். சாரைத் தவிர, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே இருந்துவிட்ட ஒரு அக்கா. பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் என் அண்ணன் மகள், போனில் வருவாள். எங்கள் ஆபீஸ் ரெக்கார்ட் ரூம் அண்ணன், முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்த காலத்திலிருந்து காமிக்ஸ் படிப்பவர். எல்லாப் புத்தகங்களையும் ஆங்கிலத்தில்தான் படித்தோம், அண்ணன் படம் பார்த்துப் படித்தார்.

முதலில், எல்லோரும் கேட்கும் புத்தகம். ஷெஹான் கருணாதிலக்கவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா'. 2022-க்கான புக்கர் பரிசு வாங்கியது. கதை நடப்பது 1990-ல், கொழும்பில். மாலி அல்மேதா போர்முனைப் புகைப்படக்காரன், சூதாடி, தன் காதலை வெளியே சொல்ல முடியாத தன்பாலீர்ப்பாளன். கண் விழித்துப் பார்க்கும்போது செத்துப்போயிருக்கிறான். எங்கே இருக்கிறான் என்றால் ஒரு கவுன்டர் முன்னால். நாலு பக்கமும் கூட்டம், கூச்சல். வெட்டுப்பட்டவன், குண்டில் சிதறியவள், எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கிறார்கள். உள்ளே வெள்ளை உடுப்பில் ஒரு அம்மா, கையில் பதிவேடு. காதைப் பரிசோதித்துக்கொண்டு வா, ஏழு நிலவு, அதாவது ஏழு ராத்திரி டைம் இருக்கிறது, அதற்குள் ஒளிக்குள் போய்விடு என்கிறார்.

இந்த முதல் சில பக்கங்களைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பு எங்கள் சூப்பிரண்டுக்கே கேட்டிருக்கும். கவுன்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட முதலில் பாரத்தைக் கேட்பதில்லை. "நான் யாருன்னு தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். செத்த பிறகும் கருணாதிலக்கவின் ஆட்கள் அதையேதான் கேட்கிறார்கள். அந்த அம்மாவின் அலுப்பும் அச்சு அசல். கோபமாகப் பேசமாட்டார், குழைந்தும் பேசமாட்டார், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே இந்த ஆளுக்குப் பதில் சொல்வார்.

பேய்க்கு விதி வைத்திருப்பதும் எனக்குப் பிடித்தது. மாலி நினைத்த இடத்துக்கெல்லாம் பறக்க முடியாது. அவனுடைய உடம்பு போன இடத்துக்குப் போகலாம், இல்லையென்றால் யாராவது அவன் பெயரைச் சொன்னால் அங்கே போகலாம். அவ்வளவுதான். ஆகவே அவனைத் தேடுகிறவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். மறந்தால் வழி அடைந்துபோகும். தோழி ஜாக்கியையும் காதலன் டிடியையும், கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த போட்டோப் பெட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் 1983 கலவரத்தின் படங்களும் இருக்கின்றன. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே ஆசிரியர் நாவலை ஓட்டிவிடுகிறார். முழுக்கதையும் "நீ" என்று முன்னிலையில் நடப்பது முதலில் உறுத்தும். கொஞ்ச தூரம் போனால் பழகிவிடும். செத்தவனிடம் யாரோ பேசிக்கொண்டே கூட வருவது போல இருக்கும்.

இங்கேதான் அக்காவுக்கும் எனக்கும் சண்டை. கவுன்டரில் இருக்கும் அந்த அம்மா, டாக்டர் ராணி ஸ்ரீதரன், தமிழ் விரிவுரையாளர். யாரை மனதில் வைத்து எழுதப்பட்டவர் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ராஜனி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர், 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. அக்கா சொன்னது இது: "உயிரோட இருக்கேக்க ஆமியையும் இயக்கத்தையும் இந்தியன் ஆமியையும் கேள்வி கேட்ட மனுசி. அவாவைக் கொண்டுபோய் அங்கையும் ஒரு கவுன்டரில இருத்தி, காது செக் பண்ண அனுப்பிற வேலை குடுத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரேல்லை, தங்கச்சி."

நான் விடவில்லை. கவுன்டர் வேலை என்றால் அவ்வளவு இளக்காரமா, அக்கா? அந்த நாவலில் செத்தவர்களின் பெயரை விடாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் அவர்தானே? அவர் உயிரோடு இருந்தபோது செய்ததும் அதைத்தானே, நடந்ததை எழுதி வைத்ததுதானே? அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீர் உம்மட டிபார்ட்மென்டை விட்டுக் குடுக்கமாட்டீர்" என்றார். ஒத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆனால் புத்தகத்தின் மேல் எனக்குள்ள குறையும் அங்கேதான். அந்த ஆபீஸை ஆசிரியர் சீக்கிரமே விட்டுவிடுகிறார். கொலை செய்தது யார், பெட்டி எங்கே, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று நடுப்பகுதி துப்பறியும் கதையாக ஓடுகிறது. ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கத்தில் இருந்து செத்துப்போன பையன் சேன பழிவாங்கக் கூப்பிடுகிறான், உயிர்களை விழுங்கும் மகாகாளி வருகிறாள், எல்லாம் ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டில் எத்தனையோ பேர் சடலமே கிடைக்காமல் போன காலம் அது. சடலம் இல்லாவிட்டால் பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் மனைவிக்கு எதுவுமே இல்லை. நம் ஊரில் ஒருவர் ஏழு வருஷம் தகவலே இல்லாமல் போனால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கும் கோர்ட் படி ஏறவேண்டும். இலங்கையில் 2016-ல்தான் சட்டத்தைத் திருத்தி, இறப்புச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு, ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று தனியாக ஒரு சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். மேலுலகக் கவுன்டரில் காணாமல் போனவர்களை எந்தப் பதிவேட்டில் எழுதுகிறார்கள் என்று கருணாதிலக்க ஒரு அத்தியாயம் எழுதியிருந்தால் நான் இந்தப் புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன்.

சாரின் கருத்து வேறு. இதே கதை 2020-ல் இந்தியாவில் 'சாட்ஸ் வித் தி டெட்' என்ற பெயரில் வந்தது. வெளிநாட்டு வாசகர்களுக்கு இலங்கை அரசியலும் பேய்களின் உலகமும் புரியவில்லை என்று திருத்தி எழுதி, புதுப் பெயரில் பிரிட்டனில் கொண்டுவந்தார்கள். சாரிடம் பழைய பதிப்பு இருக்கிறது, அதுதான் காரமாக இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். எனக்குத் திருத்தியதே போதும். ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரனுக்கு எல்.டி.டி.ஈ., ஜே.வி.பி., எஸ்.டி.எஃப்., ஐ.பி.கே.எஃப். என்று சுருக்கப் பெயர் அமைப்புகளையெல்லாம் மாலி பட்டியல் போட்டு விளக்கும் இடம், விளக்கமாகவும் இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. இந்திய அமைதிப்படையின் பெயர் அந்தப் பட்டியலில் வரும்போது இந்தப் பக்கத்து வாசகர்களான நாங்கள் எல்லோரும் டீயைக் குடிக்க ஆரம்பித்தோம். இரண்டு பதிப்பையும் காசு கொடுத்து வாங்காதீர்கள், அது மட்டும் சொல்லிவிடுகிறேன்.

புக்கர் மேடையில் கருணாதிலக்க பேசும்போது, எதிர்காலத்தில் இந்த நாவலைக் கடைகளில் டிராகன் கதைகளுக்குப் பக்கத்தில், ஃபேண்டஸி அலமாரியில் வைக்கவேண்டும், நிஜம் என்றோ அரசியல் நையாண்டி என்றோ யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆசைப்பட்டார். ஆங்கிலத்தில் பேசிவிட்டுச் சிங்களத்திலும் தமிழிலும் பேசினார். அக்கா அந்த வீடியோவை மட்டும் இரண்டு தடவை போடச் சொன்னார்.

அடுத்தது வட்டத்தையே இரண்டாக உடைத்த புத்தகம். வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. இவரும் இலங்கைக்காரர். 2023-ல் வந்து, அந்த வருஷத்துச் சிறந்த நாவலுக்கான நெபுலா விருது வாங்கியது, அறிவியல் புனைவுக்கும் மாயக் கதைகளுக்கும் கொடுக்கும் விருது அது. ஆங்கிலம் கஷ்டம். சாரே அகராதி எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதுவரை படித்ததில் எனக்கு மேலே நிற்பது இதுதான்.

பிள்ளை பிறந்த நிமிஷமே தாய் ஒரு பித்தளை ஆணியால் அவன் நிழலைத் தரையோடு அறைந்து, பிய்த்து எடுத்துவிடுகிறாள். அதில்தான் நாவல் ஆரம்பிக்கிறது. பிள்ளையின் பெயர் ஃபெட்டர். நிழல் இல்லாததால் தரையில் கால் நிற்காது, கவனம் தப்பினால் மிதக்க ஆரம்பித்துவிடுவான். வீட்டையும் மகனையும் விட்டுப் போய் ஊரே கும்பிடும் ஞானியாகிவிட்ட தந்தையைக் கொல்வதற்காகத்தான் அவனை வளர்க்கிறாள் தாய். புத்தர், அவர் விட்டுப்போன மகன் ராகுலன் கதை தெரிந்தவர்களுக்கு இது எங்கே இடிக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை. பௌத்தத்தில் மன்னிப்பே இல்லாதவை என்று சொல்லும் ஐந்து பாவங்களையும் பிள்ளைக்குப் பாடமாக நடத்துகிறாள். தாயைக் கொல்வதும் அந்தப் பாடத்தில் உண்டு.

இவ்வளவு பெரிய ஆரம்பத்தை வைத்துக்கொண்டு எழுத்தாளர் என்ன செய்கிறார்? பையனை லூரியாட் என்ற நகரத்துக்கு அனுப்பி, தெய்வத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கடைசி நிமிஷத்தில் கழற்றிவிடப்பட்டவர்கள் சேர்ந்து புலம்பும் ஒரு சங்கத்தில் உட்கார வைக்கிறார். நாற்காலியை வட்டமாகப் போட்டு ஆளாளுக்குக் கதை சொல்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் ஒரு மார்க்கில் போனவர்கள் டீக்கடையில் பேசுவது போலவே இருக்கிறது. அண்ணன் மகளுக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது.

அந்த நகரத்தில் ஒரு கதவைச் சாத்தியே வைத்திருந்தால் அது 'பிரகாசக் கதவு' ஆகிவிடக்கூடும். அப்புறம் திறக்காது. அதற்கு மறுபக்கமே இல்லை. சுவரின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் கதவே இருக்காது. ஊர்க்காரர்களுக்கு இதில் பயமோ பக்தியோ பெரிதாக இல்லை. அரசாங்கம் இதை ஆராய ஒரு துறையே வைத்திருக்கிறது. ஃபெட்டர் வேறு ஒருவன் பெயரில் அந்தத் துறைக்குள் நுழைகிறான். வாழ்நாளில் விடையே கிடைக்காத ஒரு விஷயத்துக்கு கோப்பும் பணியிடமும் உண்டாக்கி, அதற்குள் பதவிச் சண்டையும் போட்டுக்கொண்டிருக்கும் துறையை இத்தனை நுணுக்கமாக எழுத, சந்திரசேகர எங்கேயோ எங்கள் மாதிரி ஆட்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கவேண்டும்.

இன்னொரு பக்கம், இனமும் சாதியும் தாளில் எழுதப்பட்டுப் பிரிக்கப்படும் ஊர் அது. கொள்ளைநோயைக் காரணம் காட்டி முகாம்கள் போடுகிறார்கள். கலவரம் வருகிறது, அடங்குகிறது, மறுபடி வருகிறது, ஊர் அதை மழைக்காலம் போல எடுத்துக்கொள்கிறது. ஃபெட்டர் முகாமுக்குள் மாட்டிக்கொள்ளும் பகுதிதான் இந்த நாவலின் நெஞ்சு. வேலிக்குள் வேலி, பகுதிக்குள் பகுதி, நடந்துகொண்டே இருக்கிறான். யாரைக் கேட்டாலும் அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள். அடி உதையைவிட அந்தக் கைகாட்டல்தான் பயமாக இருக்கிறது. ஃபெட்டருக்கு மற்றவர்கள் கண்ணில் படாத பிசாசுகள் தெரியும். ஆனால் இந்த முகாமை நடத்துகிறவர்கள் யாரும் பிசாசு இல்லை, சம்பளக்காரர்கள். மாலி அல்மேதாவில் கவுன்டர் சிரிப்பாக வந்து நின்றுவிட்டது. இங்கே அதே கவுன்டர் ஆளைத் தின்கிறது. அதனால்தான் இந்தப் புத்தகம் ஒரு படி மேல் என்கிறேன்.

அக்கா இதைப் படித்து முடிக்கவில்லை. முகாம் வந்ததும் மூடி வைத்துவிட்டார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு, என்னால ஏலாது" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. சாருக்குக் கடைசிப் பகுதிதான் பிரச்சினை. இத்தனை நேரம் கதை சொன்னது யார் என்று ஆசிரியர் வெளிப்படுத்தும் இடத்தில் நாவல் வேறு ஏதோ ஒன்றாக மாறிவிடுகிறது, முடிச்சுகள் பல அப்படியே தொங்குகின்றன என்கிறார். தொங்குகின்றன என்பது வாஸ்தவம்தான். தந்தையைக் கொல்வதற்காக வளர்த்த பையனின் கதையில் தந்தை வந்து நிற்கும்போது எதிர்பார்த்த வெடி வெடிக்காது. கதவுகளுக்கும் முழு விளக்கம் கிடையாது. அதெல்லாம் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். பொறுமையாகப் போகிறவர்களுக்கு, ஒவ்வொரு பத்துப் பக்கத்திலும் ஒரு வரி மாட்டும், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி படப் புத்தகங்கள். 'தி மெனி டெத்ஸ் ஆஃப் லைலா ஸ்டார்', எழுதியவர் ராம் வி, வரைந்தவர் போர்ச்சுகல்காரர் ஃபிலிப்பே ஆந்த்ராடே. 2021-ல் ஐந்து இதழ்களாக வந்து பிறகு ஒரே புத்தகமானது. மேலுலகம் இதில் கார்ப்பரேட் ஆபீஸ். சாவுக்கான தேவதையைக் கூப்பிட்டு, மும்பையில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது, அது வளர்ந்து சாகாமல் இருக்க வழி கண்டுபிடிக்கும், ஆகவே உங்கள் சேவை இனித் தேவையில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். செட்டில்மென்டாக அவளுக்கு ஒரு மனுஷ உடம்பு கிடைக்கிறது, லைலா ஸ்டார் என்ற பெண்ணின் உடம்பு. அவள் அந்தக் குழந்தையை, டேரியஸ் ஷாவை, தேடிப் போகிறாள். செத்துச் செத்து எழுந்து, ஒவ்வொரு தடவையும் பல வருஷம் தாண்டி அவனைச் சந்திக்கிறாள்.

லே-ஆஃப் ஜோக் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நல்லவேளை. அதையே இழுத்திருந்தால் புத்தகம் கெட்டிருக்கும். இதழுக்கு இதழ் கதையைப் பார்க்கும் கண் மாறுகிறது. ஈமச் சடங்குக்கு வரும் காகம் ஒன்றில் பேசுகிறது, இன்னொன்றைச் சொல்வது ஒரு சிகரெட், மற்றொன்றில் மும்பையின் பழைய சீனக் கோயில். காகம் வந்ததும் சார் வீட்டு மாடி கலகலத்துவிட்டது. காகத்துக்குச் சோறு வைக்காமல் எங்கள் வீடுகளில் எந்தத் திவசமும் முடியாதே. செத்தவர்களுக்குச் சேதி கொண்டுபோகிற வேலையை அலட்டிக்கொள்ளாமல் பார்க்கும் காகத்தை அமெரிக்கக் காமிக்ஸில் பார்ப்போம் என்று யார் நினைத்தோம்?

ரெக்கார்ட் ரூம் அண்ணனுக்குப் படம் பிடிக்கவில்லை. "என்னம்மா, கை காலெல்லாம் ரப்பர் மாதிரி இழுத்து வச்சிருக்கான்? இரத்தப் படலம் பாரு, ஒரு துப்பாக்கின்னா துப்பாக்கி மாதிரியே இருக்கும்." இரத்தப் படலம் தமிழில் வந்த பெல்ஜியக் காமிக்ஸ், அவர் கண் அந்தக் கோடுகளுக்குப் பழகின கண். எனக்கு இந்த நீண்ட கைகால்கள் பிடித்திருந்தன. அதைவிட நிறம். சாவைப் பற்றிய புத்தகம் முழுக்க ரோஸும் ஆரஞ்சும் மஞ்சளுமாக அடித்திருக்கிறது. ஆனால் ராம் வி சில இடங்களில் கவிதை எழுதப் புறப்பட்டுவிடுகிறார். படமே சொல்லிவிட்டதை மேலே ஒரு பெட்டி போட்டு மறுபடி சொல்வது எதற்கு? அந்தப் பெட்டிகளைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை பாருங்கள், பாதிக்கு மேல் தேவையே இல்லை.

இதே ராம் வி, சுமித் குமாரோடு சேர்ந்து செய்த 'தீஸ் ஸாவேஜ் ஷோர்ஸ்' அண்ணனுக்கு உடனே பிடித்துவிட்டது. கள்ளிக்கோட்டை, 1766. லண்டனில் இருக்க முடியாமல் போன ஒரு ரத்தக்காட்டேரியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் மலபாருக்கு அனுப்புகிறார்கள். இங்கே அவனைவிடப் பழைய ராட்சசன் ஒருவன் ஏற்கெனவே இருக்கிறான் என்பது துரைக்குத் தெரியாது. ஹைதர் அலி, கள்ளிக்கோட்டை அரசர் சாமூதிரி, கம்பெனி மூன்றும் மோதும் நேரம். பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற ஒழுங்கில் பெரும்பகுதி நகர்கிறது, அதனால் ஒரு கட்டம் பெரிதாக விரியும்போது அடி விழுகிறது. எவன் ரத்தத்தை எவன் குடிக்கிறான் என்று ஆசிரியர் விளக்கவே இல்லை, விளக்கவும் வேண்டாம். புத்தகம் அண்ணனிடமிருந்து திரும்பி வரும்போது அட்டையில் பிரவுன் பேப்பர் போட்டிருந்தது. எங்கள் ரெக்கார்ட் ரூமில் நூறு வருஷப் பதிவேட்டுக்கே அவர் அவ்வளவு மரியாதை கொடுப்பதில்லை.

கடைசியாக 'தி டென் பர்சென்ட் தீஃப்'. லாவண்யா லக்ஷ்மிநாராயண் எழுதியது. இந்தியாவில் 2020-ல் 'அனலாக்/வர்ச்சுவல்' என்று வந்து, 2023-ல் இந்தப் பெயரில் வெளிநாடு போனது. அறிவியல் புனைவுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருதின் 2024 இறுதிப் பட்டியலில் இருந்தது. வருங்காலப் பெங்களூர், பெயர் அபெக்ஸ் சிட்டி. ஊரை நடத்துவது பெல் கார்ப்பரேஷன். எல்லோரையும் பெல் கர்வில், அதாவது மணி வடிவ மதிப்பெண் கோட்டில் நிறுத்தி, மேலே 20 சதவீதத்துக்குச் சகல வசதி, நடுவில் 70 சதவீதம் பயந்துகொண்டே ஓடுகிறது, கடைசி 10 சதவீதத்தை மின்வேலிக்கு அந்தப் பக்கம், கரண்ட் இல்லாத பகுதிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி திருட வருகிறாள்.

இதில் வட்டத்தில் எல்லோருக்கும் வியப்பு, அண்ணன் மகள் மட்டும் வியக்கவில்லை. "அத்தை, இது எங்க அப்ரைசல். ஃபார்ஸ்டு ரேங்கிங்னு கேள்விப்பட்டதில்லையா? கடைசி பத்துப் பேரை நிஜமாவே அனுப்பிடுவாங்க. இதுல மாயம் எங்க இருக்கு?" என்றாள். அவள் சொன்னதே இந்தப் புத்தகத்துக்குப் பாராட்டு என்று சார் வாதம் செய்தார். நான் அவள் பக்கம். விதி சுத்தமாக இருக்கிறது, ஆளைக் காணோம். அத்தியாயத்துக்கு ஒரு புது ஆள் வருகிறார், அவர் முகம் பதிவதற்குள் அடுத்த அத்தியாயம். யார் மதிப்பெண் எவ்வளவு குறைந்தது என்று தெரிகிறது, குறைந்த அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட்டாரா என்பது தெரிவதில்லை. மாலி அல்மேதாவின் கவுன்டர் கூட்டத்தில் ஒரு வரி மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்கள்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறார்கள். இவர்களில் அந்தத் திருடியைத் தவிர ஒருவரும் ஞாபகம் இல்லை. ஆனால் சோஷியல் மீடியா பித்தை நக்கலடிக்கும் அத்தியாயங்களுக்கு ரயிலில் நல்ல ஓட்டம் இருக்கும், பெங்களூர் எக்ஸ்பிரஸில் இன்னும் சுகமாக இருக்கும்.

சாரின் ஓட்டு மாலி அல்மேதாவுக்கு, அதுவும் பழைய பதிப்புக்கு. அக்காவின் ஓட்டு லைலா ஸ்டாருக்கு, காகத்துக்காக. அண்ணனுக்கு ஸாவேஜ் ஷோர்ஸ். பிரைட் டோர்ஸுக்கு என் ஒற்றை ஓட்டுதான். இரவல் கேட்பவர்கள் கேட்கலாம், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல் இருக்கும், சம்மதம் என்றால் மட்டும். டென் பர்சென்ட் தீஃப் அண்ணன் மகளுடைய பி.ஜி.யில் அவளுடைய ரூம்மேட் கையில் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.